வெதுவெதுப்பு பற்றிய வகுப்புக்கு ஓர் உதவி வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்க அன்பியங்களுக்கு (பங்கின் சிறு குடும்பக் குழுக்களுக்கு) விசுவாசத்தில் வரும் வெதுவெதுப்பு பற்றி 40 நிமிடத் தவக்கால வகுப்பு தயாராகிறது. வாசகம் திருவெளிப்பாடு 3:14-22. "நீ குளிர்ச்சியாகவோ சூடாகவோ இருந்தால் நலம்" என்று, வெதுவெதுப்பான இலவோதிக்கேயா ஊர்த் திருச்சபையை ஆண்டவர் கண்டிக்கும் பகுதி.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, சூடு என்றால் பக்தி, குளிர் என்றால் மறுப்பு என்று பிரிப்பது. உடனே ஒருவர், "அப்போ மறுக்கிறதே மேலா?" என்பார். வகுப்பு அதோடு படுத்துவிடும். பக்கத்து ஊரான எராப்பொலியின் வெந்நீர் ஊற்று உடம்புக்கு இதம், இன்னொரு பக்கத்து ஊரான கொலோசையின் குளிர்நீர் தாகத்துக்கு என்பதே பலர் தரும் விளக்கம். இரண்டும் பயன்படும். இலவோதிக்கேயாவின் வெதுவெதுப்பான நீரோ இரண்டுக்கும் உதவாது என்பார்கள்; அதன் குழாய்களில் இன்றும் தடித்த சுண்ணாம்புப் படிவு இருக்கிறது. கி.பி. 60 நிலநடுக்கத்துக்குப் பின் ரோமின் உதவி இல்லாமலே எழுந்த ஊர் அது. "எனக்குக் குறையில்லை" என்ற 17ஆம் வசனத்தின் தொனி அதில் புரியும். (கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2094, அக்கறையின்மையையும் வெதுவெதுப்பையும் தனித்தனியே சொல்கிறது. குழப்ப வேண்டாம்.)

உவமைக்குப் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு. ஓடு ஒன்று விலகி, தண்ணீர் தேக்கு உத்தரத்தில் இறங்கினாலும் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் கெடுவது எது? கூரை ஓடுகளை எந்த மாதம் சரிபார்ப்பார்கள்? கொத்தனார், ஆசாரி வேலை தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்களேன்.