பிளானிங் கமிஷன் கூட்டத்துக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேலத்தெரு:
கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கிறோம். எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கடை வளாகம், பாதிக் கடை காலி. அதை இடித்து ஐந்து மாடி அபார்ட்மெண்ட் கட்டப் போகிறார்கள் என்று நகராட்சியிலிருந்து தபாலில் ஒரு அட்டை வந்தது. தெரு வாட்ஸ்அப் குழு கொதித்துப் போயிற்று. இத்தனை வருஷத்தில் சிட்டி ஹால் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை, இந்த முறை அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பதா என்று முடிவு செய்யும் பிளானிங் கமிஷன் கூட்டத்துக்குப் போனேன்.

மேடையில் உட்கார்ந்திருக்கும் கமிஷனர்கள் அரசு அதிகாரிகள் அல்ல, நகர மன்றம் நியமித்த ஊர்க்காரர்கள். முதலில் நகராட்சி ஊழியர் அறிக்கையைச் சுருக்கிச் சொன்னார். அடுத்து பில்டர் படம் போட்டுக் காட்டினார். (அந்தப் படங்களில் எப்போதும் இளவெயில்தான். ஒரு சைக்கிள், ஒரு நாய், பலூன் வைத்த குழந்தை. கார் மட்டும் கண்ணில் படாது.) பிறகுதான் நம் முறை. சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் கூப்பிடுவார்கள். மூன்று நிமிடத்துக்குத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். கூட்டம் அதிகம் என்று தலைவர் இரண்டாகக் குறைத்துவிட்டார்.

எழுந்து பேசியவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னது டிராஃபிக், பார்க்கிங், ஸ்கூல். கமிஷனர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தார்கள். எனக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். இதற்கு எங்களை எதற்குக் கூப்பிட்டார்கள்?

கோட்டுப்படம்:
நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன், பில்டர்களுக்காக வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. இதைப் படித்து அடிக்க வராதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுமே கமிஷன் பெரும்பாலும் கையில் எடுக்க முடியாத விஷயங்கள்.

ஸ்கூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் வந்த மாநிலச் சட்டப்படி பில்டர் சதுர அடிக் கணக்கில் பள்ளி மாவட்டத்துக்கு (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கட்டணம் கட்டிவிட்டால், பள்ளி மீதான பாதிப்புக்கு அதுவே முழு ஈடு. ‘வகுப்பில் இடமில்லை’ என்று காரணம் காட்டி வீட்டுத் திட்டத்தை மறுக்க முடியாது. சிக்னலில் எத்தனை நேரம் நிற்கிறோம் என்பதைச் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கணக்கிடும் பழக்கத்தை 2013-ல் வந்த இன்னொரு சட்டம் எடுத்துவிட்டது. 2020 ஜூலையிலிருந்து மாநிலம் முழுக்க, வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்பதுதான் அளவுகோல். பெரிய ரயில், பஸ் நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் கட்டடத்துக்கு, குறைந்தது இத்தனை பார்க்கிங் வேண்டும் என்று நகராட்சி கேட்பதையும் 2023 ஜனவரியிலிருந்து பொதுவாகத் தடுத்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே, 1982 முதல் இருக்கும் வீட்டுவசதிச் சட்டம். உயரம், மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி என்று அளந்து பார்க்கக்கூடிய விதிகளுக்குத் திட்டம் பொருந்தினால், பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பான ஆபத்து இருப்பதை நிரூபித்தால் ஒழிய நகராட்சி மறுக்க முடியாது. மறுத்தால் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். விதிக்குப் பொருந்தும் திட்டத்தை இழுத்தடிக்கவும் வழியில்லை. ஐந்து கூட்டத்துக்கு மேல் நடத்தக்கூடாது என்று 2019-ல் வரம்பு வைத்தார்கள்.

சரி, பேச்சே வீணா என்றால் இல்லை. ஒரு கூட்டத்தில் எங்கள் வரைபடத்தையே ஒரு அம்மா மாற்ற வைத்தார். மாடி அதிகம், ஊர் அழகு போச்சு என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவே இல்லை. நாங்கள் குப்பை லாரிக்கு வைத்த வாசலும் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் பாதையும் ஒன்றாக வரும் இடத்தைக் காலை எட்டு மணிக்கு போட்டோ எடுத்து வந்திருந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கமிஷனர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலைப் பக்கத்துச் சந்துக்கு மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஒப்புதல் வந்தது. எங்கள் முதலாளிக்குச் செலவு, ஆனால் அந்த அம்மா சொன்னது நியாயம்.

சிட்டு:
ஆதரவாகப் பேசப் போன அனுபவமும் ஒன்று இருக்கட்டும். நான் வாடகை வீட்டில் இருப்பவள். எங்கள் ஊரில் ஒரு அபார்ட்மெண்ட் திட்டம் வந்தபோது ‘கட்டுங்கள்’ என்று சொல்லப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள், பாதிப் பேர் நம்மவர்கள். வராந்தாவில் ஒரு தமிழ் அங்கிள், “நீ எந்தத் தெரும்மா?” என்றார். வாடகைக்கு இருக்கிறேன் என்றதும், “அப்போ உனக்கு இதில் என்ன?” என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, காபிகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. வரப்போகும் வீட்டில் குடியிருக்கப் போகிறவர் யாரும் அந்த அறையில் இல்லையே. அவர் இன்னும் எங்கே இருக்கிறாரோ!

2023-லிருந்து 2031-க்குள் விரிகுடாப் பகுதிக்கு 4,41,176 வீடுகளுக்கு வழி செய்ய வேண்டும் என்று மாநில அரசு சொல்லியிருக்கிறது. சான் ஹோசேக்கு மட்டும் 62,200. இதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள், பக்கத்துத் தெருவில் என்றால் மட்டும் முகம் மாறுகிறது. ஸ்கூல் நிரம்பி வழியும் என்கிறார்களே, குப்பர்டினோவில் பிள்ளைகள் குறைந்துபோய் ஆரம்பப் பள்ளிகளை மூடினார்களே, அது ஞாபகம் இல்லையா? சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு அங்கே வீடு கட்டுப்படியாகவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்தானே.

பழைய குப்பர்டினோ:
சிட்டு சொன்ன ஊர்தான் எங்கள் ஊர். வால்கோ மால் கதை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 2016 தேர்தலில் அந்த இடத்தைப் பற்றி எதிரெதிராக இரண்டு தீர்மானங்கள் வாக்குக்கு வந்தன, ஊர் இரண்டையும் தோற்கடித்தது. இது வேண்டாம், அதுவும் வேண்டாம்! வீட்டுக்கு வீடு புல்வெளியில் பலகை நட்டிருந்தோம். கடைத்தெருவில் பார்த்தால் முகம் கொடுக்காத அளவுக்குப் பகை.

2018 மார்ச்சில் கட்டுமான நிறுவனம் வேறு வழியில் வந்தது. முந்தைய வருஷம் வந்த மாநிலச் சட்டப்படி, பாதி வீடு குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று எழுதிக் கொடுத்து 2,402 வீட்டுக்கு விண்ணப்பம். அந்த வழியில் போனால் விதிக்குப் பொருந்துகிறதா என்று ஊழியர்கள் சரிபார்ப்பதோடு சரி, கமிஷனின் விருப்பு வெறுப்புக்கு இடமே கிடையாது. செப்டம்பரில் ஒப்புதல் ஆகிவிட்டது. எதிர்த்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2020-ல் நகராட்சி பக்கம் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அங்கே வெறும் நிலம்தான் கிடந்தது. ஒப்புதல் வேறு, வீடு எழும்புவது வேறு.

கமிஷனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை தம்பி. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவன்சன் தெருவில் ஒரு கார் நிறுத்தும் இடத்தில் 495 வீடு என்ற திட்டத்துக்குக் கமிஷன் சரி என்றது. 2021 அக்டோபரில் மேற்பார்வையாளர் குழு (அந்த ஊரின் நகர மன்றம்) 8-க்கு 3 என்ற ஓட்டில் அதைத் திருப்பிவிட்டது. நாடே சிரித்தது.

மேலத்தெரு:
நன்றி, இப்போது கொஞ்சம் விளங்குகிறது. அப்படியானால் உண்மையில் எந்தக் கட்டத்தில்தான் பேச வேண்டும்?

கோட்டுப்படம்:
எந்த இடத்தில் எத்தனை மாடி என்று முடிவாவது எட்டு வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சி எழுதும் வீட்டுவசதித் திட்டத்திலும், அதையொட்டி நில வகைப்பாட்டை மாற்றும்போதும்தான். அந்தக் கூட்டங்களில் நாற்காலி காலியாகக் கிடக்கும். திட்டம் வந்தபின் அட்டையைப் பார்த்து ஓடிவரும்போது பந்தி முடிந்திருக்கும். அதைத் தவறவிட்டிருந்தால், அட்டையில் இருக்கும் ஊழியருக்கு இப்போதே மெயில் போடுங்கள். நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாவது வெளியிட வேண்டும் என்பது சட்டம். அறிக்கையும் பெரும்பாலும் கூடவே வரும். கடைசிப் பக்கங்களில் ‘ஒப்புதல் நிபந்தனைகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், மற்றதை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். வேலை நேரம், தூசி, மரம், நடைபாதை, வெளிச்சம் எல்லாம் அதில்தான். கமிஷனின் கைக்கு எட்டுவதும் அதுவே.

தேன்மொழி:
எங்கள் ஊரில் அடுத்த மாதம் இதே மாதிரி ஒரு கூட்டம். இடிக்கப் போகும் வளாகத்தில்தான் எங்கள் மளிகைக் கடை. மாமியார் கார் ஓட்ட மாட்டார், கறிவேப்பிலைக்கும் தயிருக்கும் நடந்து போகும் ஒரே கடை அது. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடைக்கு இடம் உண்டா என்று கூட்டத்தில் தன் வாயாலேயே கேட்க வேண்டும் என்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது. தமிழில் பேச விடுவார்களா அண்ணா?

கோட்டுப்படம்:
தாராளமாக. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. காதில் மாட்டும் கருவி வைத்து உடனுக்குடன் மொழிபெயர்க்கும் இடத்தில் மட்டும் அது கிடையாது. முன்கூட்டியே நகராட்சிக் கிளார்க்குக்கு மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள், நீங்களே பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லலாம். சீட்டில் மாமியார் பெயரை எழுதுங்கள், உங்கள் பெயரை எழுதிவிடாதீர்கள்.