மிரர்லெஸ்ஸுக்கு மாறியதும் ஃபோகஸ் கோரைப்புல்லில் போய் உட்கார்ந்துகொள்கிறது, உதவி தேவை

குளக்கரை நெல்லை:
வணக்கம் நண்பர்களே. இதுவரை கேனன் 7டி மார்க் 2 (7டி2) என்ற கண்ணாடி வைத்த கேமரா, இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ஆர்7. லென்ஸ் பழைய ஈஎஃப் 100-400 இரண்டாம் பதிப்புதான், அடாப்டர் போட்டு மாட்டியிருக்கிறேன். எடுப்பது பறவைகள் மட்டும், பெரும்பாலும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில்.

பறவை வெட்டவெளியில் நின்றால் கண்ணை டக்கென்று பிடிக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செந்நாரை கோரைக்குள் நிற்கும்போது ஃபோகஸ் முன்னால் இருக்கிற புல்லுக்குப் போய்விடுகிறது, இல்லையென்றால் பின்னால் தண்ணீருக்கு ஓடி அங்கேயே நின்றுவிடுகிறது, நான் எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் திரும்பி வருவதில்லை. கூட்டமாக நிற்கும் வரித்தலை வாத்துகளில் ஒன்றைப் பிடித்தால் கட்டம் பக்கத்து வாத்துக்குத் தாவுகிறது. இன்னொன்று, 7டி2-வில் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி ஒரு சின்ன நெம்பு உண்டே, கண்ணை எடுக்காமல் கட்டைவிரலால் தட்டி ஃபோகஸ் பகுதியை மாற்றுவேன். இதில் அந்த இடத்தில் டயல் இருக்கிறது. விரல் பழக்கத்தில் அதைத் தட்ட, எக்ஸ்போஷர் மாறிவிடுகிறது. எப்படிச் செட் செய்திருக்கிறீர்கள்?

உப்பளத்தான்:
கண்டறியும் பொருளை விலங்குகள் என்று வைத்தீர்களா? நாய், பூனை, பறவை எல்லாம் அதற்குள் வரும். கண் கண்டறிதலை ஆன் செய்து, பகுதியை முழு ஃபிரேமுக்கு வைத்துவிட்டு கேமராவிடமே விட்டுவிடுங்கள். எனக்கு அது போதும்.

கொக்குமீன்:
உப்பளத்தான் அண்ணா, உங்கள் பக்கம் உப்பளத்தில் பூநாரை வெறும் தண்ணீரில் நிற்கும், அதற்கு அது சரி. கோரைக்குள் சரிவராது.

காரணம் இருக்கிறது. 7டி2-வில் ஃபோகஸுக்குக் கண்ணாடிக்குக் கீழே தனி சென்சார், 65 புள்ளியும் குறுக்கு வகை, நிற்கிற கோட்டையும் படுத்த கோட்டையும் பார்க்கும். ஆர்7-இல் படம் எடுக்கிற சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது, ஒவ்வொரு பிக்சலும் இடம் வலம் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அதனால் நெட்டுக்குத்தாக நிற்கிற கோடு என்றால் அதற்குக் கொண்டாட்டம். கோரைப்புல் வேறு எப்படி நிற்கும்? இதே காரணத்தால் கரண்டுக் கம்பி மாதிரி படுக்கையான கோட்டில் தடுமாறும், அப்போது கேமராவை லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள், பிடித்துவிடும். கேனனில் குறுக்கு வகையை சென்சாரிலேயே கொண்டுவந்தது 2024-இல் வந்த ஆர்1, அதன் விலை நமக்கு வேண்டாம்.

செட்டிங் இப்படி. ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸை எடுத்துவிட்டு ஒளி அளவீடு மட்டும் வையுங்கள். ஏஎஃப்-ஆன் பட்டனில் வழக்கமான ஃபோகஸ், பகுதி ஸ்பாட் (ஒரே சின்னப் புள்ளி), சர்வோவில் (அழுத்தியிருக்கும் வரை விடாமல் ஃபோகஸ் செய்வது), முழுப்பகுதிப் பின்தொடர்தல் (பிடித்த பொருளை ஃபிரேம் முழுக்கத் துரத்துவது) ஆஃப். பக்கத்து நட்சத்திர பட்டனில் கண் கண்டறிதல் ஃபோகஸ். புல்லுக்கு நடுவே ஏஎஃப்-ஆன் அழுத்தி ஸ்பாட்டை நாரையின் கழுத்தில் வைத்து முதலில் தெளிவாக்குங்கள், பிறகு கட்டைவிரலை நட்சத்திரத்துக்கு நகர்த்தினால் கண்ணைப் பிடித்துப் போகும். பறவை முழுக்க மங்கலாக இருக்கும்போது அதைப் பறவை என்றே கேமராவுக்குத் தெரியாது, அப்புறம் கண்ணை எங்கே தேடும்? அதனால்தான் இந்த வரிசை. நெம்பு இருந்த இடத்துக்கு ஏங்க வேண்டிய அவசியமும் இதிலேயே போய்விடும், பகுதி மாற்றுவதே அபூர்வமாகிவிடும்.

பின்னால் தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. விரலை எடுத்துவிட்டு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கொஞ்சம் முன்னால் திருப்புங்கள், அந்த லென்ஸில் எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு) மாற்றாமலே திருப்பலாம். பறவை கொஞ்சம் உருவம் காட்டியதும் மறுபடி அழுத்துங்கள். லென்ஸ் பக்கவாட்டில் 3 மீட்டர் முதல் முடிவிலி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், குளத்தில் அதையே வைத்திருங்கள், முகத்துக்கு நேரே உள்ள புல்லைத் தேடி ஓடுவது குறையும்.

வாத்துக்கு: பின்தொடரும் பொருளை மாற்றுதல் என்று மெனுவில் ஒன்று உண்டு, அதை 0-வில் வையுங்கள். முதலில் பிடித்ததை விடாமல் பார்க்கும். அடர்ந்த கூட்டத்தில் எந்த கேமராவும் சத்தியம் செய்யாது.

தட்டான்பூச்சி:
மேலே சொன்னதோடு, ஃபோகஸ் பகுதிகளை வரம்பிடும் மெனுவில் ஸ்பாட், விரிவாக்கிய பகுதி, முழுப்பகுதி இந்த மூன்றை மட்டும் டிக் வைத்து மீதியை எடுத்துவிடுங்கள். எட்டையும் சுற்றி வருவதற்குள் பறவை போய்விடும். தட்டினால் எக்ஸ்போஷர் மாறுகிறதே, அந்த டயலுக்கு மெனுவில் வேறு வேலை கொடுக்கலாம், வேண்டாமென்றால் அணைத்தும் விடலாம். முன்னோட்ட ஃபோகஸ் (பட்டனை அழுத்தாமலே ஃபோகஸ் தேடிக்கொண்டிருப்பது) ஆன் செய்திருந்தால் ஆஃப் செய்யுங்கள், சும்மா பேட்டரியைத் தின்னும்.

குளக்கரை நெல்லை:
இரண்டு பட்டன் முறைதான் எனக்குப் பொருந்துகிறது, கொக்குமீன் அண்ணாச்சி. வளையத்தைத் திருப்பியதும் நாரை உடனே கிடைத்தது, கம்பியில் இருந்த பஞ்சுருட்டானும் சாய்த்ததும் வந்தது. வாத்து இன்னும் பாதிக்குப் பாதி. செட்டிங்கை எல்லாம் மோட் டயலில் சொந்த செட்டிங்குக்கான சி1-இல் பதிந்து வைத்தேன், ஆனால் அதற்குப் பிறகு ஏதாவது மாற்றினால் அணைத்துப் போடும்போது பழையபடி ஆகிறது, ஏன்? அப்புறம் எலக்ட்ரானிக் ஷட்டரில் பறக்கும் ஆலாவின் சிறகு வளைந்து தெரிகிறது.

கொக்குமீன்:
சி1 அப்படித்தான், பதிந்ததற்கே திரும்பும். தானாகப் புதுப்பித்தல் என்பதை ஆன் செய்தால் மாற்றியது நிற்கும், ஆனால் நான் ஆஃபில்தான் வைத்திருக்கிறேன், தெரியாமல் எதையாவது மாற்றினாலும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதற்காக. சிறகு வளைவது, சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுவதால். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு எலக்ட்ரானிக் போதும், பறக்கும்போது மெக்கானிக்கல். அதிலேயே வினாடிக்கு 15 படம் வருகிறது, 7டி2-வில் 10தானே.