இரவில் தாய் கூட்டில் தங்குவதில்லை. ஹம்மிங்பேர்ட் குஞ்சுகளைக் கைவிட்டுவிட்டதா?

எலுமிச்சை நிழல்:
கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். கொல்லைப்புற எலுமிச்சை மரத்தில், துணிக்கொடிக்குக் கைக்கெட்டும் உயரத்தில், அன்னா என்ற வகை ஹம்மிங்பேர்ட் (அந்தரத்தில் நின்று பூவில் தேன் குடிக்கும் குட்டிப் பறவை) கூடு கட்டியிருக்கிறது. ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தோடு போனேன். உள்ளிருந்து ஓர் ஊசி அலகு நீட்டிக்கொண்டிருந்தது, பிழைத்தது.

புளியங்கொட்டை அளவில் இரண்டு முட்டைகள். பொரிந்த அன்று கன்னங்கரேலென்று, கண் திறக்காமல், உலர்ந்த திராட்சை போல இருந்தன. அலகுகூடக் குட்டை. இதுவா அந்தப் பறவை என்று சந்தேகமே வந்துவிட்டது. தாய் வெளியே போகும் நேரம் பார்த்து, செல்ஃபி குச்சியில் தினமும் ஒரே ஒரு படம் எடுக்கிறேன்.

இன்று 11வது நாள். இரண்டு இரவாகத் தாய் கூட்டில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன் (தப்புதான், திட்டாதீர்கள்). பகலிலும் கண்ணில் படவில்லை. குஞ்சுகள் வாயே திறப்பதில்லை. பசித்தால் கத்தாதா? கூட்டோடு உள்ளே கொண்டுவந்து சர்க்கரைத் தண்ணீர் ஊட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

வேலியோரம்:
முதலில் வீட்டுக்காரரைத் தடுங்கள். 1918ஆம் வருடத்து வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, குஞ்சு இருக்கும் கூட்டை எடுப்பது அங்கே குற்றம். சட்டத்தை விடுங்கள், சர்க்கரைத் தண்ணீரில் புரதம் கிடையாது. தாய் தேனோடு கொசு, சிறு சிலந்தி எல்லாம் சேர்த்து வயிற்றிலிருந்து கக்கி ஊட்டுகிறது. அது இல்லாமல் எலும்பும் இறகும் வளராது.

இரவில் வராததற்குக் காரணம் எளிது: இடமில்லை. குஞ்சுகளுக்கு இறகு முளைக்க ஆரம்பித்ததும் அவையே சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். தாய் பக்கத்துக் கிளையில் தூங்கும். சத்தம் போடாததும் நல்லதுதான். காக்கையும் ஜே பறவையும் திரியும் இடத்தில் கத்துகிற குஞ்சு தப்பாது.

ஒரு மணி நேரம் கூட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்காருங்கள். போன் பார்க்கக் கூடாது. ஊட்டுவதற்குச் சில நொடிகள்தான் ஆகும்.

பகல்கனவு:
கூட்டின் விளிம்பில் புது எச்சம் இருக்கிறதா? இருந்தால் சாப்பாடு உள்ளே போகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் குஞ்சுகள் பின்பக்கத்தை விளிம்புக்குத் தூக்கி வெளியே பீய்ச்சும். கூடு மட்டும் சுத்தமோ சுத்தம். கீழே நிறுத்தியிருந்த என் சைக்கிள்தான் பாவம்.

எலுமிச்சை நிழல்:
முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை வந்தது! அந்த நீள அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் அடிவரை இறக்கி, தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் குத்துகிறது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது, குஞ்சு அசரவில்லை. இத்தனை நாளும் நான் பாத்திரம் கழுவக் குனிந்த நேரமாகப் பார்த்து வந்து போயிருக்கிறது. எச்சமும் இருக்கிறது. டார்ச்சை அலமாரியில் வைத்துவிட்டேன்.

வேலியோரம்:
சரி, இனி குச்சியையும் அங்கேயே வையுங்கள். இறகு நிறைந்த பிறகு கிட்டே போனால், பயந்து பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். 18 முதல் 23 நாளுக்குள் கிளம்பிவிடும். அதற்கு முன் விளிம்பைக் காலால் இறுகப் பிடித்துக்கொண்டு சிறகை அடித்துப் பழகுவதை ஜன்னலிலிருந்து பாருங்கள். இறகு முளைக்காத குஞ்சு தரையில் விழுந்து கிடந்தால், மெதுவாக எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை.

எலுமிச்சை நிழல்:
21வது நாள் காலை ஒன்று போய்விட்டது. எழும்பியது, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, வேலியைத் தாண்டிவிட்டது. மற்றது மறுநாள் மதியம் வரை தனியாக, தட்டு மாதிரி விரிந்துபோன கூட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது. சிலந்தி நூல் வைத்துக் கட்டியதால்தான் அப்படி இழுபட்டுக் கொடுத்திருக்கிறது போல.

அது போனதை நான் பார்க்கவில்லை. மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே துணி காயப்போட்டுவந்த நான், அன்று மாலை ஈரத் துணியைக் கொடிக்குக் கொண்டுபோனேன். கொடியின் கடைசியில் உட்கார்ந்திருந்தது. நான் ஈரத் துண்டோடு நிற்கிறேன், தாய் வந்து அதற்கு ஊட்டிவிட்டுப் போகிறது. துணியைத் திரும்ப உள்ளேயே காயப்போட்டேன்.