மறுமொழி: மடிந்து நிற்கும் மரத்திரைக்கு என்ன சொல்?

ஐயாவுக்கு வணக்கம்.

> 'எழினி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே மூன்று வகை எழினி வருகிறதே.

சொல் அழகுதான் ஐயா. ஆனால் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி மூன்றும் மேடையில் இழுக்கிற சீலை. நான் கேட்டது, பலகைகளைக் கீலால் இணைத்து, மறைப்பாகத் தரையில் தானாக நிற்கிற மரச்சாமானுக்கு (folding screen).

'மடக்குத்திரை' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். முதலில் எனக்கும் சரியென்றே பட்டது. போன வாரம் இங்கே யாங்கோனில், எங்கள் பட்டறையில் மூன்று பலகைத் தேக்குத்திரை ஒன்றுக்குக் கீல் பூட்டினோம். பையன் அதை நேராக நீட்டி நிறுத்தினான். கையை எடுத்ததும் சாய்ந்தது. கொஞ்சம் மடித்து வைத்தபின் அசையவில்லை. மடக்கு நாற்காலியை விரித்தால்தான் உட்கார முடியும். இதை முழுக்க விரித்தால் விழுந்துவிடும். மடிப்புதான் இதற்குக் கால். எங்கள் அத்தை பார்த்துவிட்டு, "சேலைக் கொசுவம் மாதிரில்ல நிக்குது" என்றார். கொசுவத்தட்டி! பொருத்தத்தில் இதை அடிக்க ஆளில்லை, ஆனால் அச்சில் போட்டால் சிரிப்பார்கள். அதனால் என் வாக்கு 'மடிப்புத்தட்டி'க்கு. மூங்கில் தட்டி எல்லா வீட்டிலும் தெரிந்ததுதானே.

இந்தச் சொல் தேவைப்பட்டதே வடிவமைப்பாளர் ஐலீன் கிரேயைப் பற்றி எழுதத்தான். 1878இல் அயர்லாந்தில் பிறந்தவர். பாரிசுக்குப் போய், செய்சோ சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் மரத்துக்கு மெருகேற்றும் பூச்சு வேலை (lacquer) கற்றார். கிரே செய்த நான்கு பலகைச் சிவப்புத் தட்டி ஒன்றை ஆடை வடிவமைப்பாளர் ழாக் தூசே வாங்கினார். 1922இல் சொந்தக் கடை. அப்புறம் கட்டடக்கலைப் பக்கம் போய், 1929இல் தென் பிரான்சில் கடலோரமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். பின்னர் உலகம் அவரை மறந்தே போனது. 1972இல் தூசேயின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் கிரேயைப் பற்றி மறுபடி பேச்சு எழுந்தது. அப்போது அவருக்கு வயது 94.

சிக்கல் என்னவென்றால், அவர் செய்ததிலேயே புகழ்பெற்ற தட்டி மடியவே மடியாது. செங்கல் அடுக்கியதுபோலச் சின்னச் சின்னப் பலகைகள், நிமிர்ந்த உலோகக் கம்பிகளில் கோத்தவை. ஒவ்வொன்றும் தனியாகத் திரும்பும். இடுக்கில் வெளிச்சம் வரும். அதற்கு 'சுழல்தட்டி' என்று வேறு பெயர்தான் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது தச்சனுக்கு உதவாது.

இன்னொன்று. அந்தப் பூச்சை 'அரக்கு' என்று எழுதாதீர்கள். அரக்கு பூச்சி தருவது; இது மரத்தைக் கீறி எடுக்கிற பால். இங்கே பர்மாவில், பகான் ஊரில் கிண்ணங்களுக்குப் பூசும் 'திட்சி'யும் மரத்துப் பால்தான். பர்மியச் சொல்லுக்கே மரப்பிசின் என்றுதான் பொருள். வெயிலில் வைத்தால் சரிவராது, ஈரக்காற்றில்தான் இறுகும். அதனால்தான் நிலவறையில் வைக்கிறார்கள். 'மரப்பால் மெருகு' எப்படி?

பலகைக்கு 'மடல்' என்று சொல்ல ஆசை. ஆனால் இந்தக் குழுவில் மடல் என்றால் மின்மடல். "நான்கு மடல் வேண்டும்" என்று தச்சருக்கு எழுதினால் நான்கு கடிதம் வந்து சேரும். வேறு சொல் இருந்தால் திங்களுக்குள் சொல்லுங்கள் ஐயா, கட்டுரை அச்சுக்குப் போகிறது.