சுதா சந்திரன்: செயற்கைக் காலுடன் தட்டடவு எப்படிச் சாத்தியமாயிற்று?

கேள்வி

வணக்கம். என் மகள் நான்கு ஆண்டுகளாகப் பரதம் கற்று வருகிறாள். சென்ற வாரம் வகுப்பில் ஒரு சிறுமி கணுக்கால் வலிக்கிறதென்று அழுதபோது, ஆசிரியை மாணவிகளை உட்கார வைத்து நடிகை சுதா சந்திரனைப் பற்றிச் சொன்னாராம். விஜய் தொலைக்காட்சியின் ‘தெய்வம் தந்த வீடு’ தொடரில் மாமியார் சித்ராதேவியாக வந்தவர் என்ற அளவில்தான் நான் அவரை அறிவேன். அந்தத் தொடரை விடாமல் பார்த்த எனக்கு, அவருடைய வலக்கால் செயற்கைக் கால் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. விபத்து எப்படி நேர்ந்தது? முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமர்ந்த அரைமண்டி நிலையில் நின்று, அந்தக் காலால் தட்டடவில் தரையைத் தட்டுவது எப்படி இயலும்? தன் வாழ்க்கைக் கதையில் தானே நாயகியாக நடித்தவர் பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தது ஏன்? மகள் துருவித் துருவிக் கேட்கிறாள். அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

மறுமொழி 1

சகோதரிக்கு வணக்கம். 1965இல் பிறந்து மும்பையில் வளர்ந்த சுதா சந்திரன், சிறு வயதிலேயே மேடையேறிய பரதக் கலைஞர். அவருடைய தந்தை கே. டி. சந்திரனும் பிற்காலத்தில் நடிகராக அறியப்பட்டவர். 1981 மே மாதம், கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில், திருச்சி அருகே அவர்கள் வந்த பேருந்து விபத்துக்குள்ளானது. அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான காயம் எதுவும் அவருக்கு ஏற்படவில்லை என்பதுதான் இதில் என்னை இன்றும் வருத்துவது. வலக் கணுக்காலில் இருந்த சிறு காயத்தைக் கவனிக்காமல் அதன்மேல் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். உள்ளே சதை அழுகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஜெய்ப்பூரின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்திக்கு அதே 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் சுதா அவரைத் தேடிச் சென்றார். மீண்டும் ஆட முடியுமா என்பதே அவர் கேட்ட கேள்வி. ஏறத்தாழ இரண்டு ஆண்டு பயிற்சிக்குப் பின், 1984 ஜனவரியில் மும்பையில் மேடையேறினார். அந்தச் செய்தி தயாரிப்பாளர் ராமோஜி ராவை எட்டியதன் விளைவாகத்தான் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் ‘மயூரி’ தெலுங்குப் படம் உருவானது. அதில் நடித்ததற்காகத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. 1986இல் இந்தியில் ‘நாச்சே மயூரி’யாக வந்தபோதும் அவரே நடித்தார். தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட ‘மயூரி’யைத் திரையரங்கில் பார்த்தவன் நான். படம் முடிந்த பிறகும் எங்கள் வரிசையில் சற்று நேரம் யாரும் எழவில்லை.

மறுமொழி 2

அம்மா, பதினைந்து ஆண்டுகளாக நானும் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தி நடப்பவன், ஆடத் தெரியாது. கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரைமண்டிக்கு முதலில் வேண்டியது முழங்கால். அவருக்கு அது தப்பியது பெரும் பேறு. அடுத்தது பாதம். அக்காலத்தில் பரவலாகக் கிடைத்த மேல்நாட்டுப் பாதங்கள் காலணிக்குள் வைத்து நடப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் கணுக்கால் வளையாது. கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம் ரப்பராலானது. வெறுங்காலுடன் நடக்கவும், குந்தி உட்காரவும், சம்மணமிடவும் ஏற்றபடி பல திசைகளில் வளைந்து கொடுக்கும். தரையில் உட்கார்ந்து உண்டு, வயலில் வெறுங்காலுடன் இறங்கும் மனிதர்களை மனத்தில் வைத்துச் செய்த பாதம் ஒரு பரதக் கலைஞருக்கும் பொருந்தியது.

ஆனாலும் அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது. உள்ளங்கால் தரையைத் தொட்டதை, மேலே எஞ்சிய காலில் சாக்கெட், அதாவது அதைப் பொதிந்திருக்கும் கிண்ணம் போன்ற பகுதி, அழுத்துவதைக் கொண்டே நாங்கள் அறிகிறோம். நான் மாடிப்படியில் சற்று வேகமாக இறங்கினாலே அவ்விடம் சிவந்துவிடும். மாலையில் கால் வற்றிச் சாக்கெட் தளர்ந்தால், எஞ்சிய காலுக்கான உறையான ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்றின்மேல் இன்னொன்று போட்டுக்கொள்வேன். தட்டடவிலோ ஒவ்வொரு தட்டும் அந்த ஒரே இடத்தில் போய் இடிக்கும். பயிற்சிக் காலத்தில் இரத்தம் கசிந்ததென்று அவர் பேட்டிகளில் சொன்னதைக் கேட்டபோது, எங்கே, எப்படிக் கசிந்திருக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

மறுமொழி 3

பரதம் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தட்டடவைவிடக் குதித்து மெட்டடவுதான் கடினம். முன்பாதத்தில் குதித்து நின்று பிறகு குதிகாலைத் தரையில் வைக்கும்போது, உடலை ஏந்தும் வேலை முழுவதும் கணுக்காலுடையது. ரப்பர் பாதம் வளையுமே தவிரத் தானாக உந்தித் தள்ளாது. அந்த விசையைத் தொடையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கொண்டுவந்தாக வேண்டும். உங்கள் மகளை ஒருமுறை வலக்கணுக்காலை அசைக்காமல் அந்த அடவைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்; எங்கே பாரம் இறங்குகிறது என்று அவளுக்கே விளங்கும்.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, அதைத் திரைப்பட வாய்ப்பு குறைந்ததால் நேர்ந்த இறக்கமாகப் பலர் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டார் பிளஸில் 2001இல் தொடங்கிய ‘கஹீன் கிஸ்ஸி ரோஸ்’ இந்தித் தொடரில் அவர் ஏற்ற ரமோலா சிக்கந்த் பாத்திரத்தைப் பாருங்கள். பெரிய பொட்டும் பட்டுப் புடவையும் எல்லாருக்கும் நினைவிருக்கின்றன. நான் கவனித்தது கண்களையும் கழுத்தையும். உரையாடல் தொடங்கும் முன்பே புருவம் உயர்ந்து, பார்வை ஓரத்துக்குச் சென்று, அதன்பிறகே முகம் திரும்பும். பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தில், ஒரே வரியின் பொருளைப் பலவிதமாக அபிநயித்துக் காட்டும் சஞ்சாரி செய்து பழகியவருக்குத்தான் அந்த வரிசை இயல்பாக வரும். கேமரா முகத்தை நெருங்கி நிற்கும் நெடுந்தொடரில் அபிநயம் கற்றவருக்குத் திரைப்படத்தைவிட அதிக இடம் கிடைத்தது என்பதே என் கருத்து. ‘நாகின்’ முதல் பருவத்தில் யாமினியாக வந்தபோதும், நீங்கள் பார்த்த சித்ராதேவியிலும் அதே பயிற்சியைக் காணலாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் அந்த அடவைச் செய்து பார்த்தாள். நான்காவது முறையிலேயே தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டாள். விமான நிலையத்தில் சுதாவின் செயற்கைக் காலைக் கழற்றச் சொன்னார்கள் என்று உறவினர் ஒருவர் கூறினார். உண்மைதானா?

மறுமொழி 2 எழுதியவர்

உண்மைதான் அம்மா. 2021 அக்டோபரில் அவர் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்து ஒரு காணொளி வெளியிட்டார். ஒவ்வொரு பயணத்திலும் சோதனைக்காகக் காலைக் கழற்றச் சொல்வதைக் குறிப்பிட்டு, மூத்த குடிமக்களுக்கு ஓர் அடையாள அட்டையாவது வழங்குமாறு கேட்டார். விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. கழற்றுவது ஒரு நிமிட வேலை; மீண்டும் சாக்ஸைச் சுருக்கமில்லாமல் இழுத்து, சாக்கெட்டைச் சரியான கோணத்தில் அமர்த்த எனக்குப் பத்து நிமிடமாகும். ஒரு சுருக்கம் இருந்தாலும் அன்றைய நடை முழுவதும் அந்த இடத்தில் உறுத்தும். அவரோ இறங்கிய ஊரில் சலங்கை கட்ட வேண்டியவர்.