அந்த 2.9 எங்கே போச்சு?

காங்கேயத்தான்:
நேற்று கல்யாணப் பந்தியில் இலைக்குச் சோறு வருவதற்குள் ஒரு பெரிய மனிதர் தீர்ப்பே சொல்லிவிட்டார். தண்ணி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஓடிய பொடியனைக் காட்டி, “இவங்கம்மா மாசமா இருக்கறப்போ வெத்தலையோட புகையிலை போட்டாளுங்க, அதான் இப்படி” என்றார். எரிச்சலாக வந்தது. அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. 1985-ல் கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் எடுத்த 23 கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. உடனே பத்திரிகைகள், ஒரு தலைமுறையே நாசம் என்று எழுதித் தள்ளின. வெறும் 23 பேர்!

கோபி வாத்தியார்:
அந்தப் பெரிய மனிதர் நான்தானுங்க. பேர் போடாவிட்டால் தெரியாதா? 31 வருசம் பசங்களை மேய்த்தவன் நான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

பெருந்துறை அம்மிணி:
சோற்றுக்குச் சரிங்க வாத்தியாரய்யா, பிள்ளைகளுக்கு ஆகாது. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற டாக்டரம்மா 1989-லிருந்து 224 குழந்தைகளைச் சேர்த்து வருசக்கணக்காகக் கவனித்தார். பாதிப் பேர் வயிற்றிலேயே கொக்கெய்ன் பட்டவர்கள். 4 வயதில் அவர்கள் ஐக்யூ, அதாவது புத்தி அளவு, சராசரி 79, படாதவர்களுக்கு 81.9. இரண்டுமே பொதுச் சராசரியான 100-க்கு எவ்வளவோ கீழே. எல்லாம் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். வறுமைதான் அடித்திருக்கிறது.

கோபி வாத்தியார்:
2.9 குறைந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

பெருந்துறை அம்மிணி:
அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வருமுங்க.

கோபி வாத்தியார்:
பரீட்சையில் 2.9 மார்க் போனால் ஃபெயில். தற்செயல் என்று பாஸ் போடச் சொல்வீங்களா?

தாராபுரத்தான்:
எங்க ஆத்தா கள் குடித்துக்கொண்டே ஒன்பது பெற்றாள். 1987-ல் கள்ளை நிறுத்தினார்களே, அப்புறம் பிறந்ததெல்லாம் தங்கமா?

பெருந்துறை அம்மிணி:
ஒன்பதில் எத்தனை தங்கியது? கொக்கெய்ன் கதை ஊதிப் பெருக்கியது. மது அப்படியில்லை. அது குழந்தையின் முகம், வளர்ச்சி, மூளை எல்லாவற்றையும் கெடுக்கும் என்று 1973-லேயே அதற்குத் தனிப் பேரே வைத்துவிட்டார்கள். புகையிலை போட்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும்.

தாராபுரத்தான்:
ஆத்தாளை இழுத்தால் நல்லா இருக்காது. கள் உணவு.

கோபி வாத்தியார்:
பார்த்தீங்களா, புகையிலை கெடுதல் என்று அம்மிணியே ஒத்துக்கொண்டாச்சு!

பெருந்துறை அம்மிணி:
எடை என்றேன். டம்ளரைத் தட்டிவிடும் என்றா சொன்னேன்?

காங்கேயத்தான்:
இவர் இப்படித்தான். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா என்ற சண்டையிலும் ஒரே நம்பரைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினார்.

கோபி வாத்தியார்:
அந்த நம்பருக்கும் இன்னும் பதில் வரவில்லை.

காங்கேயத்தான்:
அந்தப் பொடியன் மூன்று பந்தி முடிகிற வரைக்கும் சாப்பிடாமல் நின்றானுங்க. பசி. அதைக் கண்டீங்களா?

கோபி வாத்தியார்:
கண்டேன். உங்களுக்கு இரண்டாவது ஜாங்கிரி கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். 2.9-க்குப் பதில் வரட்டும்.

தாராபுரத்தான்:
ஏழு தங்கியது, அம்மிணி. ஏழு.