நியூ ஜெர்சியில் காருக்கு நாமே கேஸ் (பெட்ரோல்) போட விட்டால் நல்லதா, கெட்டதா?

எடிசன்வாசி எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் காரை விட்டு இறங்கி நாமே கேஸ் போடக் கூடாது என்று மாநிலம் முழுக்கச் சட்டம் வைத்திருப்பது இப்போது நியூ ஜெர்சி மட்டும்தான். கூடத் துணைக்கு இருந்த ஒரேகனும் 2023-இல் கழன்றுகொண்டது. ஜனவரிக் குளிரில் கண்ணாடியை நாலு விரல் இறக்கி "ரெகுலர், ஃபுல், கார்டு" என்று சொல்லிவிட்டு ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது சுகம்தான், அதை மறுக்கவில்லை.

ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போய்ப் பாருங்கள். எட்டு பம்புக்கு ஒரே ஆள். ஒரு காரில் நாஸிலைச் செருகிவிட்டு அடுத்த காருக்கு ஓடுவார், அங்கே கார்டை வாங்கித் தேய்த்து, ரசீது வேண்டுமா என்று கேட்டு, அதற்குள் முதல் கார் நிரம்பி 'டக்' என்று நின்று எத்தனையோ நேரம் ஆகியிருக்கும், அந்தக் கார்காரர் ஹாரன் அடிக்க, பின்னால் நான் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு தேவுடு காத்திருப்பேன். எனக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. இறங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறேன் என்றால் ஏன் விடக்கூடாது?

ஆபீஸில் இதை எடுத்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். செல்ஃப் சர்வீஸ் வந்தால் விலை குறையும் என்கிறது ஒரு கட்சி, ஒரு சென்ட் குறையாது, ஏழை ஆட்களின் வேலைதான் போகும் என்கிறது இன்னொன்று. வெளி மாநிலத்தில் இருப்பவர்கள் நிஜத்தில் எப்படி என்று சொல்லுங்களேன். அப்புறம், அடுத்த வாரம் குடும்பத்தோடு பென்சில்வேனியா பக்கம் போகிறோம், என் மனைவி இதுவரை பம்பைத் தொட்டதே இல்லை. என்ன கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியம்.

டல்லாஸ் மச்சான் எழுதியது:

இதெல்லாம் ஒரு விவாதமா பாஸ்! கார்டைத் தட்டினோமா, போட்டோமா, போனோமா என்று இருக்கும். இங்கே என்னைத் தவிர வேறு யாராவது என் காரின் மூடியைத் திறந்தால்தான் எனக்குப் பதறும். நடுராத்திரியில் ஹூஸ்டனுக்கும் டல்லாஸுக்கும் நடுவில் எங்கேயோ கடைக்குள் ஒரே ஒரு கேஷியர் இருக்கும் இடத்தில்கூட நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம், உங்கள் ஊரில் ஆள் வராவிட்டால் பம்பையே பூட்டி வைக்க வேண்டியதுதானே.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. பம்பில் இருக்கும் திரை, நாஸிலை எடுத்ததுமே விளம்பரத்தைக் காது கிழியக் கத்தும், அதை நிறுத்தும் பட்டன் எது என்று கண்டுபிடிப்பதற்குள் டேங்க் நிரம்பிவிடும். கார்டைச் செருகும் இடத்தில் கார்டு விவரத்தைத் திருடும் திருட்டுக் கருவி பொருத்தி வைக்கிறார்கள். ஆகஸ்ட் மாத வெயிலில் கைப்பிடியைத் தொட முடியாது. இருந்தாலும் வரிசையில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பழைய ஜெர்சி எழுதியது:

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தால் "பாதுகாப்பு" என்ற பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். நாற்பதுகளின் கடைசியில் ஹேக்கன்சாக் பக்கம் 17-ஆம் எண் சாலையில் ரீன்கோல்டு என்பவர் 24 பம்ப் வைத்து ஒரு ஸ்டேஷன் திறந்தார். ஊரெல்லாம் காலன் 21.9 சென்ட், இவர் கடையில் நீங்களே போட்டுக்கொண்டால் 18.9 சென்ட். கார்கள் தெருமுனை வரை நின்றன. மற்ற ஸ்டேஷன்காரர்கள் சும்மா இருப்பார்களா? சட்டமன்றத்தைப் பிடித்து 1949-இல் செல்ஃப் சர்வீஸையே தடை செய்ய வைத்துவிட்டார்கள். ரீன்கோல்டு கோர்ட்டுக்குப் போனார். 1951-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, பாதுகாப்பு என்ற பெயரில் வந்தது விலைப் போட்டியை அடைக்கிற வேலை.

அந்தச் சட்டத்தின் பின்னாளைய வாசகத்தைப் படித்துப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. கேஸ் ஆவி உடம்புக்குக் கேடு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, அதனால் வாடிக்கையாளர் போடக் கூடாது என்று ஒரு காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, அப்படியானால் நாள் முழுக்க அங்கேயே நிற்கும் அந்த ஆள் யார் பெற்ற பிள்ளை? வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் நான் சுவாசிக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே மனிதருடைய மூக்குக்கு அனுப்பிவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். இன்னொன்று, இந்தத் தடை பெட்ரோலுக்குத்தான், டீசலை நீங்களே போடலாம்.

விலை விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் தப்பாகப் பேசுகிறது. ஆள் வைத்துப் போட்டும் இங்கே பல வருஷம் பக்கத்து மாநிலங்களைவிட மலிவாக இருந்ததற்குக் காரணம் வரி. 2016 வரை மாநில வரி காலனுக்கு 14.5 சென்ட்தான், நவம்பரில் ஒரே அடியாக 23 சென்ட் ஏற்றினார்கள். பென்சில்வேனியாவில் 55 சென்ட்டுக்கும் மேல். ஆள் கூலி சில சென்ட்டுக்குள் அடங்கும் விஷயம். தடையை எடுத்தால் அந்தச் சில சென்ட் நம் பைக்கு வருமா, ஸ்டேஷன்காரர் பைக்குப் போகுமா என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பீவர்ட்டன் மழை எழுதியது:

ஒரேகனில் இருந்து. எங்களுக்கு 1951-இல் வந்த தடை. சட்டத்தில் பதினேழு காரணம் எழுதி வைத்திருந்தார்கள், அதில் ஒன்று இங்கே மழை அதிகம், தரை வழுக்கும் என்பது! (மழை அதிகம் என்பது நூற்றுக்கு நூறு உண்மை.) 2018-இல் ஜனத்தொகை 40,000-க்குக் கீழே உள்ள கிராமப்புற மாவட்டங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அப்போது சமூக வலைதளத்தில் ஒரேகன்காரர்கள் போட்ட புலம்பலைப் பார்த்து நாடே சிரித்தது, கேஸ் வாசனையோடு எப்படி வேலைக்குப் போவது என்றெல்லாம் எழுதினார்கள். 2023 ஆகஸ்டில் ஆளுநர் கையெழுத்துப் போட்டதும் மாநிலம் முழுக்க வந்துவிட்டது.

ஆனால் எங்கள் ஊரில் செய்த விதம் நன்றாக இருக்கிறது. போர்ட்லண்ட் மாதிரி ஜனம் நிறைந்த பகுதிகளில் பாதி பம்புக்கு மேல் செல்ஃப் சர்வீஸ் ஆக்க முடியாது, மீதிக்கு ஆள் இருந்தே ஆக வேண்டும், இரண்டுக்கும் ஒரே விலை. அவசரம் என்றால் இந்தப் பக்கம், மழையில் நனைய மனசில்லை என்றால் அந்தப் பக்கம். முதல் சில வாரம் கொஞ்சம் குழப்பம் இருந்தது, எந்தப் பம்ப் எது என்று பலகையைப் பார்க்காமல் வந்து நின்றுகொண்டு ஆளுக்காகக் காத்திருப்பார்கள். அப்புறம் பழகிவிட்டது. தீப்பிடித்து ஊர் எரிந்துவிடும் என்று சொன்னவர்களும் இப்போது இறங்கித்தான் போடுகிறார்கள்.

ஒரே விலை என்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் ஆள் போடும் பம்பில் காலனுக்கு அரை டாலர் அதிகம் வைத்து, அதை மெல்ல மெல்ல இல்லாமலே செய்துவிடுவார்கள். மற்ற மாநிலங்களில் ஃபுல் சர்வீஸ் காணாமல் போனது இப்படித்தான்.

கவுண்டருக்குப் பின்னால் எழுதியது:

என் மாமா நியூ ஜெர்சியில் ஸ்டேஷன் ஒன்றை லீஸுக்கு எடுத்து நடத்துகிறார், வார இறுதியில் நானும் போய்க் கல்லாவில் உட்காருவேன். அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

வேலை போய்விடும் என்று கவலைப்படுகிறீர்கள், அந்த வேலைக்கு ஆள் கிடைத்தால் அல்லவா போவதற்கு. 2025-இல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.49 டாலர். அதே பணத்துக்கு ஏசி போட்ட கிடங்கில் வேலை கிடைக்கும்போது பிப்ரவரிக் காற்றில் விரல் விறைக்க யார் நிற்பார்கள்? சம்பளப் பட்டியலில் மூன்று பேர் இருந்தால் வருவது இரண்டு பேர். இரண்டாவது ஆள் வரவில்லை என்றால் மாமா பாதி பம்புக்கு மஞ்சள் பையை மாட்டி மூடிவிடுவார். முன்னொரு காலத்தில் தடை வேண்டும் என்று கேட்ட அதே ஸ்டேஷன்காரர் தரப்பு 2022-இல் தடையை எடுங்கள் என்று மசோதாவுக்கு ஆதரவு தேடி அலைந்தது இதனால்தான். சட்டமன்றத்தில் வேகவில்லை. அந்த வருஷம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் எடுத்த கருத்துக்கணிப்பில் 73 சதவீதம் பேர் ஆள் போடுவதே பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள், அதற்கு எதிராக எந்த அரசியல்வாதி கையைத் தூக்குவான்?

வெளியே யாரும் பேசாத விஷயம் ஒன்று. கேஸில் கிடைக்கும் லாபம் காலனுக்குச் சில சென்ட்தான், கார்டு கமிஷன் போனால் அதிலும் பாதி. காசு இருப்பது உள்ளே காபியிலும் லாட்டரியிலும் சிகரெட்டிலும். ஜெர்சியில் கேஸ் போட வருபவன் காரை விட்டே இறங்குவதில்லை, அப்புறம் எப்படிக் கடைக்குள் வருவான்? செல்ஃப் சர்வீஸ் வந்தால் காலனில் மிச்சமாவதைவிட இறங்கியவன் வாங்கும் காபியில்தான் மாமாவுக்குக் கண்.

பைக்கில் வருபவர்களிடம் மட்டும் நாஸிலை நீட்டிவிடுவோம். டேங்கில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் அடிக்க வருவார்கள்.

மயிலாப்பூர் குமார் எழுதியது:

சென்னையில் இருந்து வேடிக்கை பார்க்க வந்தவன். இங்கே எல்லாப் பங்கிலும் ஆள்தான், "சார் ஜீரோ பார்த்துக்கோங்க" என்று சொல்வார்கள், நாமும் கழுத்தை நீட்டி மீட்டரையே முறைப்போம். நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்கு என்று போடும் டூ வீலர் கூட்டத்தில் ஒவ்வொருத்தரும் ஸ்டாண்ட் போட்டு, சீட்டைத் தூக்கி, மிஷினில் தொகையை அடித்து, யுபிஐ ஸ்கேன் பண்ணித் தானே போட வேண்டும் என்றால் சாயங்கால நேரத்தில் வரிசை மெயின் ரோட்டில் நிற்கும். அந்த அக்காமார்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போடும் வேகம் நமக்கு வராது. இங்கே குறைந்தபட்சம் அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதற்கு எதிரில் ஒரு மனுஷன் இருக்கிறார். மிஷினிடம் யார் சண்டை போடுவது?

அம்மாவின் டிரைவர் எழுதியது:

எல்லாரும் கை கால் நன்றாக இருப்பவர்கள் மாதிரியே பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு முடக்குவாதம், ஓஹையோவில் தனியாக இருக்கிறார், கார் ஓட்டுவார், ஆனால் நாஸில் விசையை அழுத்திப் பிடிக்க விரலில் பலம் கிடையாது. மாற்றுத்திறனாளி ஓட்டுநர் ஹாரன் அடித்தாலோ அழைத்தாலோ ஊழியர் வந்து போட்டுத்தர வேண்டும், அதற்குக் கூடுதல் காசு வாங்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டமே இருக்கிறது. படிக்க அழகாக இருக்கும். அதிலேயே ஒரு ஓட்டை: ஒரே ஆள் பணியில் இருந்தால் உதவ வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது எந்த ஸ்டேஷனில் இரண்டு ஆள் இருக்கிறார்கள்? அம்மா காரில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பார், உள்ளே கேஷியர் வரிசையில் நிற்பவர்களுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார், கடைசியில் பக்கத்துப் பம்பில் நிற்கும் யாரோ ஒரு புண்ணியவான் போட்டுத் தருவார். கேட்பதற்கே கூச்சப்படுகிற வயசு அவருக்கு.

அதனால் ஜெர்சிக்காரர்கள் மாற்றினால் ஒரேகன் மாதிரி பாதி பம்பை விட்டுவைத்து மாற்றுங்கள். முழுசாகத் திறந்துவிட்டால் அம்மா மாதிரி ஆட்கள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

எடிசன்வாசி எழுதியது:

கடைசிப் பதிலைப் படித்தபின் என் கட்சி கொஞ்சம் மாறிவிட்டது. பாதிக்குப் பாதி, ஒரே விலை, அதற்கு என் ஓட்டு. கவுண்டர் தம்பி, உங்கள் மாமாவுக்கு என் காபிக் காசும் உண்டு என்று சொல்லிவிடுங்கள். சரி, பென்சில்வேனியாவில் என்ன செய்ய வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையே?

டல்லாஸ் மச்சான் எழுதியது:

சொல்கிறேன். டேஷ்போர்டில் கேஸ் முள்ளுக்குப் பக்கத்தில் குட்டியாக அம்புக்குறி இருக்கும், அது காட்டும் பக்கம்தான் மூடி, அந்தப் பக்கம் பம்ப் வருமாறு நிறுத்தச் சொல்லுங்கள். கடைக்குப் பக்கத்தில், கேஷியர் கண்ணில் படும் பம்ப் நல்லது, திருட்டுக் கருவி வைப்பவன் தூரத்துப் பம்பைத்தான் தேடுவான். கார்டைச் செருகாமல் தட்டுவது இன்னும் பாதுகாப்பு. கார்டுக்குரிய முகவரியின் ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் எண்) கேட்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவின் இந்தியக் கார்டு என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும், உள்ளே போய் "ஐந்தாம் நம்பர் பம்ப், முப்பது டாலர்" என்று முன்கூட்டியே கட்டிவிட்டு வரலாம், குறைவாகப் போட்டால் மீதி திரும்ப வரும். டெபிட் கார்டு வேண்டாம், நாற்பது டாலருக்குப் போட்டாலும் 175 டாலர் வரை பிடித்து வைத்துவிட்டுப் பிறகு விடுவிப்பார்கள், கணக்கில் கொஞ்சமாக இருக்கும்போது வேறு எதற்கோ கார்டு மறுக்கப்படும்.

குளிராக இருக்கிறது என்று நாஸிலைப் பூட்டிவிட்டு மறுபடி காருக்குள் போய் உட்காரக் கூடாது. சீட்டில் ஸ்வெட்டர் உரசி உடம்பில் மின்சாரம் ஏறும், திரும்பி வந்து நாஸிலைத் தொட்டால் பொறி தட்டும், இந்த மாதிரித் தீப்பிடித்த சம்பவங்களில் நிறைய இப்படித்தான் நடந்திருக்கின்றன. போயே ஆக வேண்டும் என்றால் வந்ததும் முதலில் கதவின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் நாஸில். 'டக்' என்று நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் என்று அழுத்தக் கூடாது, ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் பெட்ரோல் போய்விட்டால் மெக்கானிக்குக் கொடுக்கும் காசில் பல தடவை ஃபுல் டேங்க் போடலாம்.

முக்கியமாக டீசல். பெரும்பாலான இடத்தில் பச்சைக் கைப்பிடி டீசல், ஆனால் பிபி (BP) கம்பெனி ஸ்டேஷனில் பெட்ரோலுக்கே பச்சைதான். நிறத்தை விட்டுவிட்டு, ரெகுலர் பெட்ரோலுக்கான 87 என்று எழுதியிருக்கிற பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.